பந்தலில் மூன்று பேர், அறையில் நான்கு பேர்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுகிறவர் கோபிச்செட்டிபாளையத்தில் வசிக்கும் வயலின் பக்கவாத்தியக் கலைஞர். 41 வருஷமாகக் கச்சேரி மேடையில் இருப்பவர்.)

என் மகனுக்கு 20 வயது. பி.காம். படித்துக்கொண்டே கோவைக்குப் போய் மேற்கத்திய வயலின் கற்று, எட்டாம் கிரேடு தேர்வு முடித்துவிட்டான். இப்போது, "சேம்பர் மியூசிக் வாசிக்கிறவனாகப் போகிறேன், வெளிநாட்டுக் கோடை விழாவுக்கு அனுப்புங்கள்" என்கிறான். அவன் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். "இதுல மாசம் எத்தனை வரும்னு கேட்டுச் சொல்லு" என்கிறார். என்ன சொல்லட்டுங்க?
– ஒரு தாய், பெருந்துறை

அம்மிணி, முதலில் அந்தச் 'சேம்பர்' என்ற வார்த்தையை உங்கள் வீட்டுக்காரருக்கு விளக்கிவிடுங்கள். நம்ம பக்கம் சேம்பர் என்றால் செங்கல் சூளை. தடாகம் ரோட்டில் சேம்பர் கல் ஏற்றிப்போகும் லாரிகளைப் பார்த்துப் பழகிய மனுஷர், பையன் சூளை போடப் போகிறான் என்று நினைத்தாலும் தப்பில்லை. 'ஆர்கெஸ்ட்ரா' என்று சொன்னால் இன்னும் மோசம். மாரியம்மன் நோம்பியில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழுதான் ஞாபகத்துக்கு வரும்.

இங்கே சேம்பர் என்பது அறை. அரண்மனையிலோ வசதியானவர் வீட்டுக் கூடத்திலோ நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிப்பதற்காக எழுதிய இசை. ஆளுக்கு ஒரு பாகம். தான் கோட்டைவிட்டால் தூக்கிப்பிடிக்க அதே பாகத்தில் இன்னொரு ஆள் கிடையாது. முன்னால் நின்று கோல் ஆட்டுகிறவரும் கிடையாது. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று சேர்ந்தால் குவார்டெட்.

கோடைக்கும் இதற்கும் பழைய உறவு. 1819 கோடையில் ஷூபர்ட் என்ற 22 வயதுப் பையன் ஆஸ்திரியாவில் ஸ்டையர் என்கிற ஊருக்கு விடுமுறைக்குப் போனான். அந்த ஊர்ப் பெரிய மனுஷர் பவும்கார்ட்னருக்குச் செல்லோ வாசிப்பதில் ஆசை. "எங்க வீட்டில் வாசிக்க ஒண்ணு எழுதிக் கொடு தம்பி" என்று கேட்டார். பியானோவோடு ஐந்து பேர் வாசிக்கும் 'ட்ரவுட்' குவின்டெட் அப்படிப் பிறந்ததுதான். ட்ரவுட் என்றால் மீன். அது அச்சில் வந்தது 1829இல். ஷூபர்ட் அதற்கு முந்தின வருஷமே, 31 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு வருகிறேன். மாசம் இத்தனை என்று வராதுங்க. கோடை விழா மேடையில் அழகாக உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மேடை வயிற்றுப்பாடு அல்ல. விழா முடிந்து ஊர் திரும்பினால் கல்லூரியில் பாடம் எடுப்பார்கள், நிறையப் பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறையும்போது போய் உட்காருவார்கள், ரெக்கார்டிங் போவார்கள், கல்யாணத்துக்கும் சர்ச்சுக்கும் வாசிப்பார்கள். குவார்டெட்டுக்குக் கிடைக்கிற தொகை மேனேஜர் பங்கு போக நாலாகப் பிரியும். செல்லோவுக்கு விமானத்தில் தனி சீட் எடுக்க வேண்டும், கூட ஒரு பாட்டியைக் கூட்டிப்போகிற மாதிரி. அதனால்தான் நல்ல குவார்டெட்டுகள் ஏதாவது ஒரு கல்லூரி நிழலில் ஒதுங்கப் பார்க்கும். 1946இல் தொடங்கிய ஜூலியார்ட் குவார்டெட் நியூயார்க்கில் அந்தப் பெயருள்ள இசைப்பள்ளியின் பிள்ளை. அதன் முதல் வயலின் ராபர்ட் மான் 51 வருஷம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நம் மில்லுக்காரர்கள் வாரிசுக்குக்கூட அவ்வளவு காலம் நாற்காலியைப் பிடித்து வைத்ததில்லை.

அப்புறம், பையனிடம் ஒரு விஷயம் நேரடியாகக் கேளுங்கள். விழா அவனைக் கூப்பிடுகிறதா, இவன் பணம் கட்டிப் போகிறானா? கோடை விழா என்று சொல்வதில் பல, மாணவர்களிடம் கட்டணம் வாங்கிப் பாடம் நடத்துபவை. அது தப்பில்லை, நல்ல வாத்தியார் கிடைப்பார். ஆனால் அதைப் 'படிப்புச் செலவு' என்று குறித்து வையுங்கள். வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

அங்கே போய் என்னதான் கிடைக்கும் என்றால், ஆட்கள் கிடைப்பார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மலைப்பக்கம் மார்ல்பரோ என்று ஒரு சின்ன ஊர். 1951இல் பியானோ மேதை ருடால்ஃப் செர்க்கின், வயலின் மேதை அடால்ஃப் புஷ் முதலானவர்கள் அங்கே ஒரு கோடைக் கூடலைத் தொடங்கினார்கள். ஏழு வாரம். பழுத்த வித்வான்களும் இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகளும் ஒரே குழுவில் உட்கார்ந்து ஒரே உருப்படியை நாள்கணக்கில் உருட்டுவார்கள். கச்சேரி வாரக்கடைசியில் மட்டும். ஒத்திகை பார்த்ததில் பெரும்பகுதி மேடைக்கே வராது. சாப்பாட்டு அறையில் வாசிக்கிறவர்களே முறை வைத்துப் பரிமாறுவார்கள். கை துடைக்கும் காகிதத்தைப் பந்தாகச் சுருட்டி ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிவது அங்கே பரம்பரை வழக்கம். நம் வித்வான்களை அப்படிக் கற்பனை பண்ணிப் பார்த்தேன், சிரிப்பு அடங்க நேரமாகிவிட்டது. அங்கே பழகிய நாலு பேர்தான் 1964இல் குவார்னெரி குவார்டெட் ஆனார்கள். அந்தக் குழு 2009 வரை, 45 வருஷம் ஓடியது.

எனக்கும் அப்படித்தான். 23 வயதில் அவிநாசிச் சித்திரைத் தேர் சமயத்தில் ஒரு தகரப் பந்தலில் வாசித்தேன். பஸ் செலவு போகக் கையில் நின்றது ஒரு சேலைக்குக்கூடக் காணாது. ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்தவரோடு அப்புறம் 22 வருஷம் வாசித்தேன். அவர் கூப்பிட்டு எனக்கு வந்த கச்சேரிகள், நான் சொல்லி அவருக்குப் போனவை, எல்லாம் கூட்டினால் அதுதான் என் சம்பாத்தியம்.

பையனை விடலாமா என்று கேட்டால், விடலாம். பி.காமை முடித்துவிட்டு. எந்தக் குவார்டெட்டிலும் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் கண்டிப்பாக வேண்டும், மற்ற மூன்று பேரும் அவர் பேச்சைக் கேட்பார்கள். எட்டாம் கிரேடு என்பது வாசற்படி, வீடு உள்ளே இருக்கிறது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. மும்பையில் 2006 முதல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் 1928 முதல் யாருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது, ஆனால் உள்ளே நுழைவது ஊசித் துவாரம். இன்னொன்று: வியோலாவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வயலின்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நல்ல வியோலாக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அங்கே கோடையில் விழா, நமக்கு மார்கழியில் சீசன். ஏன் இந்த வித்தியாசம்?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், உடுமலைப்பேட்டை

ஐயா, அவர்களுக்கு அரங்கக் கச்சேரிகள் குளிர்காலத்தில். கோடை வந்தால் நகரத்து அரங்குகள் மூடிவிடும், வாசிக்கிறவர்களுக்குக் கை ஓய்வு, கேட்கிறவர்களுக்கு விடுமுறை, மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. எல்லோரும் மலைக்கும் ஏரிக்கரைக்கும் கிளம்புவார்கள், இசையும் கூடவே கிளம்பும். ஃபின்லாந்தில் ரஷ்ய எல்லையை ஒட்டி குஹ்மோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. செப்போ கிமனென் என்ற செல்லோக்காரர் 1970இல் அங்கே சேம்பர் இசை விழா ஆரம்பித்தார். ஜூலையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கச்சேரி விட்டு டார்ச் இல்லாமல் நடந்து வரலாம்.

நமக்குச் சித்திரையில் எந்த அரங்கில் உட்கார முடியும்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே இசை மாநாடும் நடந்தது. மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆனால் ஐயா, கோடை விழா நமக்கு இல்லை என்று யார் சொன்னது? சித்திரையில் அவிநாசித் தேர், வைகாசியில் கரூர் மாரியம்மன், வைகாசி விசாகத்துக்குத் திருச்செங்கோடு. பம்பை ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம், நடுவில் ஒரு மூலையில் எங்களுக்கும் ஒரு பந்தல். டிக்கெட் கிடையாது. நிலக்கடலைக்காரர் பாட்டுக்கு நடுவே போவார், வருவார்.

கோடை வேலை பழைய காலத்திலும் சுகப்பட்டதில்லை. ஹைடன் என்கிற மேதை, எஸ்டர்ஹாசி பிரபுவிடம் சேவகராக இருந்தவர். 1772இல் பிரபு கோடை மாளிகையை விட்டுக் கிளம்புகிற வழியாக இல்லை. வாத்தியக்காரர்களின் பெண்டு பிள்ளைகளோ வேறு ஊரில். எல்லோரும் ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். அவர் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள், முடிவில் இரண்டே வயலின்தான் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்துவிட்டது, மறுநாள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் என்பார்கள். இதைப் படித்த அன்றைக்கு எங்கள் சங்கத் தோழர்களிடம் சொன்னேன். "நாம எந்திரிச்சுப் போனா கமிட்டிக்காரங்க சந்தோசப்படுவாங்க அக்கா, அடுத்தது டான்ஸ் புரோகிராம்" என்றார் கடம் வாசிக்கிற ஒருவர்.

நான் பத்தாம் வகுப்பு. பங்குனி வந்தால் என் வயலின் சுருதி நிற்பதே இல்லை. பிரடை (கம்பியை முறுக்கும் திருகாணி) வழுக்குகிறது. வாத்தியார் என்னைத் திட்டுகிறார்.
– ஒரு மாணவி, சென்னிமலை

கண்ணு, திட்டு வாங்க வேண்டியது வெயில். கம்பி சூடேறினால் நீளும், சுருதி இறங்கும். மிருதங்கம் அதற்கு நேர் எதிர். தோல் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். பாடுகிறவர் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் முறைப்பார். கஞ்சிராக்காரர் பாடு பரவாயில்லை, தண்ணீரைத் தொட்டுத் தடவிச் சமாளிப்பார். வறண்ட காற்றில் மரப் பிரடையும் துளியூண்டு சுருங்கும், அதுதான் வழுக்கல். பிரடையைக் கழற்றிச் சாக்பீஸ் லேசாகத் தேய்த்து, திருகும்போது உள்பக்கமாக அழுத்தித் திருகு. நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதே, கம்பிகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்துவிடும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வை. பெட்டியை ஜன்னலோரம் வைக்காதே, பீரோ மேலும் வைக்காதே, ஓட்டு வீட்டில் அங்கேதான் அனல் தங்கும்.

முக்கியமாக, காரில் விட்டுவிட்டுப் போகாதே. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு சித்திரை மாதம் தேர்த் திருவிழாக் கச்சேரிக்குத் தெரிந்தவர் காரில் போனோம். மத்தியானம் ஒரு வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். வயலின் டிக்கியில் இருக்கிறது என்பதையே மறந்து, பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டேன். வயலினை ஒட்டியிருப்பது வஜ்ஜிரப் பசை, தச்சர்கள் பழைய காலத்தில் காய்ச்சி ஒட்டுவார்களே, அதே சாதி. சூட்டில் இளகிவிடும். பெட்டியைத் திறந்தால், விரல் வைக்கிற கருப்புப் பலகை கழன்று கம்பிகளுக்கு அடியில் கோணலாகக் கிடக்கிறது, கூரைக் கொட்டகையில் கழன்ற வாரி மாதிரி.

ஆறு மணிக்குக் கச்சேரி. ஒன்பது மணிக்கு அதே மேடையில் சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ரா. அந்தக் குழுவின் வயலின் பையன் சீக்கிரமே வந்து மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நின்றேன். கொடுத்தான். வயலின் முதுகில் ஒரு நடிகரின் ஸ்டிக்கர். பாடகருக்கோ ஒரு கட்டை என்கிற தாழ்ந்த சுருதி. கம்பிகளை அவ்வளவு இறக்கினதும் கொடிக்கயிறு மாதிரி தொய்ந்துவிட்டது. அந்தத் தொய்ந்த கம்பியில் சுரத்தை அசைத்துக் கமகம் பிடிப்பது குளத்தில் கெண்டை பிடிக்கிற வேலை. இரண்டரை மணி நேரம் வாசித்தேன். அந்தப் பையன் கச்சேரி முழுக்க எனக்குப் பின்னாலேயே நின்றான். சங்கீதப் பிரியன் என்று நினைத்து மனசு குளிர்ந்துபோனேன். முடிந்ததும் வயலினை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், ஸ்டிக்கர் உரிந்திருக்கிறதா என்று.

மிருதங்கம் வாசிக்கிறேன், 24 வயது. நோம்பிக் கச்சேரிக்கு 4,000 ரூபாய் பேசி 2,000 கொடுத்தார்கள். "மீதி அடுத்த வருஷம் சேர்த்து வாங்கிக்கோ தம்பி" என்கிறார்கள். அடுத்த வருஷம் போகலாமா?
– ஒரு வாசகர், கரூர்

தம்பி, அதே மேடையில் அன்றைக்கு வாணவேடிக்கையும் இருந்திருக்குமே. அவர் ரொக்கம் கைக்கு வராமல் திரி கொளுத்தியிருப்பாரா? நாம்தான் மங்களம் பாடி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது கவரோடு வருவார்களா என்று பந்தல் கால் ஓரம் நிற்கிறோம். போ. ஆனால் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு தேதி கொடு, பழைய பாக்கியைத் தனியாக எழுதிக் கேள். வெட்கப்படாதே. முன்னே கமிட்டிகளிடம் என் குருநாதர் பேசும்போது முதல் வார்த்தை சுருதி, இரண்டாம் வார்த்தை முன்பணம். ஆகாசவாணி ஆடிஷனுக்கும் எழுதிப் போடு. பி கிரேடு கிடைத்தால்கூட, தொகை பேசும்போது உன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி.

கல்யாண ரிசப்ஷனில் சாப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே வாசிப்பது இழிவு இல்லையா?
– ஒரு வாசகி, தாராபுரம்

இழிவு என்றால் மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டுக்கும் இழிவுதான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வாசிக்கவே அவர் நிறைய எழுதியிருக்கிறார். எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்று, கடைசிப் பந்தியில் எங்களுக்கு ரசம் மிஞ்சுவதில்லை.

நம் சங்கீதத்தில் 'சேம்பர்' மாதிரி குழு உண்டா? அவர்கள் ஒரே குழுவாக 40, 50 வருஷம் வாசிக்கிறார்களாமே, ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்வார்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

உண்டு. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் 1966இல் வயலின், வேணு, வீணை என்று மூன்றையும் சேர்த்தார். புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கடராமன். அதற்கு முந்தின வருஷம் எடின்பரோ கோடை விழாவில் லால்குடியின் வாசிப்பைக் கேட்ட மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினையே அவருக்குக் கொடுத்துவிட்டார். கோடை விழாவில் இப்படியும் நடக்கும். பெருந்துறை அம்மிணி இதை மட்டும் பிடித்துக்கொண்டு கனவு காண வேண்டாம்.

ஆனால் நம் வழக்கமான கச்சேரி வேறு ஜாதி. பாடகர், வயலின், மிருதங்கம் மூன்று பேரும் ரயிலடியில் சந்தித்துக்கொண்டு சாயங்காலம் மேடை ஏறுவதுண்டு. ஒத்திகை கிடையாது. அவர் எடுக்கப்போகிற ராகம் முதல் பிடியில்தான் எனக்கே தெரியும். இதைச் சொன்னால் மேற்கத்தியக் குவார்டெட்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் ஒரு பக்கத்துக்கு வில் மேலே போகணுமா கீழே வரணுமா என்று அரை நாள் வாதாடுவார்கள். தலைவர் இல்லாத வண்டி, மூச்சு இழுக்கிற சத்தத்தில் ஒன்றாகக் கிளம்ப வேண்டும்.

இறந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடமும் ஒரே பதில் இல்லை. லண்டனில் அமேடியஸ் குவார்டெட் என்று இருந்தது. ஹிட்லர் காலத்தில் அகதிகளாக வந்த மூன்று யூதப் பிள்ளைகளை இங்கிலாந்து முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே சிநேகிதமானவர்களோடு ஒரு ஆங்கிலேயச் செல்லோக்காரர் சேர்ந்தார். வயலின்காரராக வந்த பீட்டர் ஷிட்லோஃப் குழுவுக்காக வியோலாவுக்கு மாறினார். 1948இல் முதல் கச்சேரி. 1987இல் ஷிட்லோஃப் இறந்தார். மற்ற மூவரும் வேறு ஆள் தேடவில்லை, குழுவையே முடித்துக்கொண்டார்கள். மேலே சொன்ன குவார்னெரியில் வேறு விதம். செல்லோக்காரர் டேவிட் சோயர் வயதாகி விலகியபோது, அவருடைய சீடர் பீட்டர் வைலியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் மிருதங்கக்காரர் ஒரு சித்திரைக் கடைசியில் போய்விட்டார். திருச்செங்கோட்டு விசாகத்துக்கு இருவரும் தேதி கொடுத்திருந்தோம். நான் அமேடியஸ் கட்சிதான், வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவருடைய சீடப் பையன் வீட்டுக்கே வந்துவிட்டான். "ஐயா வாங்கின முன்பணம் இருக்குதுங்க அக்கா, வாசிக்காம எப்படிங்க" என்றான். போனோம். மேடையில் உட்கார்ந்து மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பிக்கு ரவை பூச வேண்டும். பையில் இருந்து அவருடைய பழைய எவர்சில்வர் டப்பாவை எடுத்தான், மூடியில் அவர் ஆணியால் கீறிய இனிஷியல். திறந்தால் ரவை முழுக்க வண்டு. பந்தலுக்கு எதிர் வீட்டு அம்மாவிடம் ஒரு கைப்பிடி ரவை வாங்கி வர ஆள் அனுப்பினோம். அன்றைக்குக் கச்சேரி பத்து நிமிஷம் தாமதம்.